இறப்பர் மரமும் கணினிச் சாளரமும்

கணினித் திரையில் ஒரு பொத்தானை அழுத்துகின்றோம். உடனே ஏதோவொரு மாற்றம் நிகழ்கின்றது. இவ்விரண்டுக்குமிடையே நடப்பது யாதெனத் தமிழாசிரியனொருவன் எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பளிக்கலாம். சபரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளிற் கற்பித்தோர் வியவார். ஆங்கு இலக்கணங் கற்பிப்பவனே சித்திரமுங் கற்பிப்பான். வேண்டுமாயின் கணினி அறையின் திறப்பையும் அவனே வைத்திருப்பான்.

சாளரமும் பொத்தானும் உடைய செய்ந்நிரல், எழுதிய வரிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை செய்துவிட்டு ஓய்வதன்று. "அடுத்த நிகழ்ச்சி யாது?" என்னும் ஒரே வினாவை அது இடையறாது கேட்டுக்கொண்டிருக்கும். விசை தட்டியதும் சுட்டி அசைந்ததும் நிகழ்ச்சிகளாகி ஒரு வரிசையில் வந்து நிற்க, அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து உரிய செயலிடம் ஒப்படைக்கும். 1984 இல் வெளிவந்த மக்கின்டொஷ் கணினியின் செய்ந்நிரல்கள் இவ்வாறே இயங்கின. 1991 இல் வந்த விஷுவல் பேசிக் இம்முறையைப் பலர்க்கும் எளிதாக்கியது. பைத்தன் மொழியோடு வரும் டிகிண்டரும் இவ்வழியதே.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு நிகழ்ச்சிக்குரிய செயல் நெடுநேரம் நீடிக்குமாயின், அது முடியுமளவும் வரிசை நகராது. விண்டோஸ் 5 வினாடி பொறுக்கும். அதன்பின் சாளரம் வெளிறிப்போக, பதிலளிக்கவில்லை என்னும் குறிப்பு அதன் தலைப்பில் தோன்றும்.

2022 ஆம் ஆண்டின் காகிதத் தட்டுப்பாட்டை எவரும் மறந்திரார். மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே அதனாற் பிற்போடப்பட்டன. அவ்வாண்டில், கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டைப் பக்கத்துப் பாடசாலையொன்றில், 11 ஆந் தரத்து மாணவனொருவன் தேர்ச்சி அறிக்கைகளை ஆயத்தஞ் செய்து அச்சிடும் செய்ந்நிரலொன்றைப் பைத்தனில் எழுதினான். பொத்தானை அழுத்தினான், திரை அசையவில்லை. பதற்றத்தில் மேலும் இருமுறை அழுத்தினான். அவ்விரண்டு அழுத்தங்களும் வரிசையிற் பொறுமையாகக் காத்திருந்து, முதல் வேலை முடிந்ததும் தத்தம் முறையைப் பெற்றன. 38 தாள் வரவேண்டிய இடத்தில் 114 தாள் வந்து வீழ்ந்தன. அத்தாள்கள் பெற்றார் தம் நாட்கூலியிலிருந்து தந்த பணத்தில் வாங்கியவை. "இதெல்லாம் நமக்குச் சரிவராது சேர்" என்று கூறிச் சென்றவன் ஒரு வாரம் கணினி அறைப் பக்கமே வரவில்லை.

ஒத்திசைவற்ற செயற்பாடு என எழுதிவிட்டாற் சொல் தமிழாகிவிடும், பொருள் தமிழாகுமா? அவன் தாயார் இறப்பர்த் தோட்டத்திற் பால்வெட்டுபவர். ஆகவே அவனை அழைத்து, "உங்கள் அம்மா ஒரு மரத்தில் வெட்டிவிட்டுப் பால் வடிந்து முடியுமட்டும் அங்கேயே நிற்பாரா?" என்று வினவினேன்.

"நின்னா அன்னைக்கு அந்த ஒரு மரத்துப் பாலுதான் சேர் கிடைக்கும்" என்று சிரித்தான்.

மரத்தினுள் அழுத்தம் மிக்கிருக்கும் விடியற் பொழுதிற் பட்டையை மெல்லிதாகச் சீவி, சிரட்டையைப் பொருத்திவிட்டு அடுத்த மரத்துக்குச் செல்வர். இவ்வாறு ஏறக்குறைய 300 மரங்கள். பால் தன்பாட்டில் வடிந்துகொண்டிருக்கும். சில மணி நேரங்கழித்து வாளியோடு மீள்வர். முதலில் வெட்டிய மரமே முதலில் வடிந்து முடிய வேண்டுமென்பதில்லை. பிந்தி வருவோர்க்கு உறைந்த ஒட்டுப்பாலே எஞ்சும். இத்துணையும் அவன் எனக்குக் கூறியவையே, யான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செய்ந்நிரலிலும் இதனையே செய்தோம். நெடுநேரம் பிடிக்கும் வேலையை வேறோர் இழைக்கு ஒப்படைத்தோம்; வேலை முடியுமளவும் பொத்தான் அழுந்தாதவாறு செய்தோம். முடிந்த அறிக்கைகளின் விவரம் ஒரு வரிசையில் வந்து சேர, சாளரம் 100 மில்லிவினாடிக்கொருமுறை அதனை எட்டிப் பார்த்துத் திரையிற் காட்டும். வேலை செய்யும் இழையே நேராகத் திரையில் எழுதினாலென்ன என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. பால் அளக்குமிடத்தில் ஒவ்வொருவரும் தாமே கணக்குப் புத்தகத்தில் எழுதப் புகுந்தால் யாது நிகழுமென்று கேட்டேன். அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. டிகிண்டரிற் சாளரத்தைத் தொடும் உரிமையை முதன்மை இழைக்கு மட்டுமே விடுதல் நன்று. ஜாவாவின் ஸ்விங்கிலும் அவ்வுரிமை ஓர் இழைக்கே உரியது.

2012 இல் சீ ஷார்ப் மொழியிலும் 2015 இற் பைத்தனிலும் இத்தகைய காத்திருப்பை எளிதாக எழுதத் தனிச்சொற்களே சேர்க்கப்பட்டன. அவற்றை அவன் பின்னர்த் தானே கற்றான்.

இறுதியாக, தொடங்கிய வேலையை இடையில் நிறுத்த ஒரு வழி வேண்டுமென்றான். ஒவ்வோர் அறிக்கைக்கும் முன்னர், நிறுத்தக் கட்டளை வந்துளதா என இழை பார்த்துக்கொள்ளுமாறு அமைத்து, அதற்கென ஒரு பொத்தானும் வைத்து, அதன்மேல் "மழை" என்று எழுதினான். மழை தொடங்கினால், வெட்டாத மரங்களை விட்டுவிட்டு, வடிந்த பாலை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடிவருவர் அன்றோ! பரீட்சைப் பொறுப்பாசிரியர் அதன் பொருள் விளங்காது வினவியபோது, "நிறுத்து" என மாற்றிக் கொடுத்தான். தன் பிரதியில் மட்டும் மழையை அப்படியே விட்டுவைத்தான்.