படி உயர்ந்தால் பாரமும் உயரும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு இல்லம் திரும்பினோம். வாசலில் நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் காத்திருந்தார். திருப்பூரில் முன்னணி தீயணைப்போராகப் பணியாற்றி வந்தவர். கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது.

"நிலைய அலுவலராகப் பதவி உயர்வு வந்திருக்குதுங்க, சாமி. ஆனால், இடம் கடலோர மாவட்டத்தில். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்றார்.

வருகிற உயர்வை வேண்டாமென்று சொல்வாரும் உண்டோ என்று வியந்தோம். அவரை உட்கார வைத்துக் கேட்டபோதுதான் அந்தப் பணியின் ஏணி நமக்கு விளங்கிற்று.

பத்தாம் வகுப்புத் தேறியவர் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதித் தீயணைப்போராகச் சேர்கிறார். பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் குழாய் பிடித்தபின் முன்னணி தீயணைப்போர். அதன்பின் நிலைய அலுவலர். அதற்கும் மேலே உதவி மாவட்ட அலுவலர், மாவட்ட அலுவலர், துணை இயக்குநர் எனப் படிகள் நீள்கின்றன. பட்டம் பெற்ற இளைஞர்கள் நேரடியாகவே நிலைய அலுவலராகத் தேர்வு பெறுவதும் உண்டு. ஆகவே, கீழ்ப்படியில் தொடங்கியவர் தலை நரைக்கும் காலத்தில், தம் மகன் வயதுடைய அதிகாரிக்கு வணக்கம் செலுத்த நேரிடுவதும் உண்டு. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கசப்பில்லை. "நெருப்புக்கு முன்னால் வயதேதுங்க, சாமி" என்றார்.

ஆனால், படிதோறும் ஊர் மாறுகிறது. அவர் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். மகள் பிளஸ் டூ. குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. நாமும் ஆயரின் மாறுதல் கடிதத்துக்குக் கட்டுப்பட்டவர்தாம். எனினும் நமக்குப் பெட்டியும் புத்தகங்களுமே குடும்பம். அந்த நினைவு இல்லாமலே, "போய் வாருங்கள், நல்லதுக்குத்தான்" என்று எளிதாகச் சொல்லிவிட்டோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "மாறுதல் ஒரு சாக்குத்தானுங்க, சாமி. உண்மையில் பயமாக இருக்கிறது."

எரிகிற கட்டடத்துள் நுழைந்தவருக்கு என்ன பயம்? அவர் விளக்கினார். திருப்பூர் வட்டாரத்தின் தீ பெரும்பாலும் பஞ்சுத் தீ. நூற்பாலையில் பஞ்சோடு கலந்த சிறு இரும்புத் துண்டு இயந்திரத்தில் உரசினால் போதும், பொறி பறந்துவிடும். பஞ்சுப் பேலில் பற்றிய தீயோ மேலே அணைந்ததுபோல் தோன்றி, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து நனைத்தாலன்றி அது அடங்குவதில்லை.

முன்னொரு நாள் இரவு கழிவுப் பஞ்சுக் கிடங்கு ஒன்றில் தீ. இளைஞரான இவர் குழாயோடு உள்ளே பாய முனைந்திருக்கிறார். அன்றைய நிலைய அலுவலர் இவர் தோளைப் பற்றி, "நில், உள்ளே போகாதே" என்று தடுத்தாராம். சில நிமிடங்களில் கூரைத் தகடுகள் சரிந்து விழுந்தன.

"அந்த ஒரு சொல்லால் இன்று உயிரோடு இருக்கிறேன். இனி அந்தச் சொல்லை நான் சொல்ல வேண்டும். எப்போது போ என்பது, எப்போது நில் என்பது? தவறினால் இன்னொருவர் பிள்ளை அல்லவா, சாமி!"

அப்போதுதான் நமக்கு உறைத்தது. தீயணைப்போர் தம் உயிரைத் தம் கையில் வைத்திருக்கிறார். அலுவலரோ பிறர் உயிரைத் தம் நாவில் வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரமாக அனுசரிக்கப்படுகிறதே, அதன் காரணமும் இதையே சொல்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்ற கப்பலில் பருத்திப் பேல்களும் வெடிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தன. பருத்தி பற்றியது, அணைக்கப் போராடிக்கொண்டிருக்கையிலேயே கப்பல் வெடித்தது. மாண்ட தீயணைப்போர் 66 பேர். அவர்களை அங்கே நிறுத்திய அதிகாரிகளின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

நாம் அவரிடம் இவ்வளவே சொன்னோம்: "பயமில்லாதவர் அந்த நாற்காலியில் உட்காருவதைவிட, பயமுள்ள நீங்கள் உட்காருவது நல்லது." முடிவை அவர் மனைவிதான் சொன்னார்: "பிள்ளையையும் வீட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். போன இடத்தில் வேளைக்குச் சாப்பிடுங்கள், அது போதும்." அவர் புறப்பட்டுப் போனார்.

அடுத்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது பங்கு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். ஞாயிறுதோறும் நம் சிறுவர் சிறுமியர் மறைக்கல்வி கற்கும் இடம் அது. பின்கதவுக்கு முன்னால் உடைந்த பெஞ்சுகள், பழைய குடில் சாமான்கள், துணி மூட்டைகள் எல்லாம் குவிந்து கிடந்தன. பூட்டின் சாவி எங்கே என்று நமக்கே தெரியவில்லை.

அவர் கடிந்துகொள்ளவில்லை. "சாமி, கும்பகோணத்தை நினைத்துப் பாருங்க" என்றார், தாழ்ந்த குரலில். 2004 ஜூலை 16 அன்று அங்கே பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மடிந்ததை யார் மறப்பர்? நாம் தலைகுனிந்தோம். அன்று மாலையே இளைஞர்கள் கூடி அந்தக் குப்பையை அகற்றினர். பூட்டை உடைத்து, கதவைத் திறந்து வைத்தோம்.

கட்டடங்களைப் பார்வையிட்டு, "இந்த வழியை அடைக்காதீர்கள்" என்று சொல்வதும் நிலைய அலுவலரின் கடமை. அதற்கு விருது இல்லை. பலவேளை முகச்சுளிப்பே கிடைக்கும். பற்றாத தீயை யாரும் செய்தியாக எழுதுவதில்லை.

நம் வாசகர்களில் பனியன் கம்பெனி நடத்துவோர் உண்டு. மேற்பார்வை செய்வோர் உண்டு. அங்கே உழைக்கும் தாய்மார்களும் உண்டு. உங்கள் மாடிப்படியில் பண்டல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா? பின்கதவு திறக்கிறதா? நாளைக் காலை ஒருமுறை பாருங்கள். தீ என்றால் 101. ஆனால், மணி ஒலித்து வண்டி வந்து சேருமுன் உங்களைக் காக்கப்போவது அந்தக் கதவுதான்.