திராட்சை பறிக்கும் கைகள்

கிண்ணத்தில் நுரை பொங்கும் ஷாம்பேன் மதுவை விளம்பரப் படங்களில் கண்டிருப்பீர்கள். அதற்குத் திராட்சை பறித்த கையைக் கண்டதுண்டா?

பாரிசுக்குக் கிழக்கே இருக்கிறது ஷாம்பேன் வட்டாரம். அறுவடை பெரும்பாலும் செப்டம்பரில். குலை சிதையாமல் ஆலைக்குச் சேர வேண்டும்; அதனால் இயந்திரத்துக்கு அனுமதியில்லை. கத்தரிக்கோலும் கையுந்தான். குலைகளோ முழங்கால் உயரத்தில் தொங்கும். நாள் முழுதும் குனிந்தே வேலை. நிரை நிரையாகப் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு அந்த முதுகுவலியை விளக்க வேண்டுமா?

2023ஆம் ஆண்டு அறுவடையின்போது கடும் வெயில். தொழிலாளர் சிலர் மாண்டனர். அதே அறுவடைக்கு அழைத்து வரப்பட்ட ஆப்பிரிக்கத் தொழிலாளர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் பாழடைந்த வீட்டில் அடைபட்டுக் கிடந்தார்கள். குற்றவாளிகள் மூவருக்கு 2025இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது.

அங்கே படம் பிடிக்கப் போகிறீர்களா? காலை வெளிச்சம் அழகுதான். ஆனால் முதலில் வணக்கம் சொல்லி அனுமதி கேளுங்கள். முகம் காட்ட அஞ்சுபவர் இருந்தால் கையை மட்டும் எடுங்கள். ஊர் திரும்பியதும் மறவாமல் ஒரு பிரதி அனுப்புங்கள்.

நம் தோட்டங்களையும் பலர் படம் எடுத்துப் போனார்கள். அந்தப் படங்களின் கீழே நம் பாட்டிமார் பெயர் எத்தனையில் இருக்கிறது?