புகைக்கரிமேல் ஒரு மேலோடு

ஜூன் 4

புகைக்கரியில் ஒட்டியிருக்கும் நச்சை ஓசோனும் வெயிலும் சேர்ந்து சில மணி நேரத்தில் அழித்துவிடும் என்ற எண்ணம் காற்று வேதியியலில் நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பென்சோபைரீனை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து கார்பன் வளையங்கள் ஒட்டிப் பிணைந்த மூலக்கூறு அது. நிலக்கரி, விறகு, டீசல் என எது அரைகுறையாக எரிந்தாலும் பிறக்கும். புகைபோக்கி துடைத்த தொழிலாளருக்கு வந்த புற்றுநோயைக் கரியோடு முடிச்சுப்போட்டு லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதியது 1775இல். நிலக்கரித் தாரிலிருந்து இந்தச் சேர்மத்தைப் பிரித்தெடுத்து அடையாளம் காண 1930கள் வரை ஆயிற்று. இதைக் கரித்துகள்மேல் மெல்லிய படலமாகப் பூசி, நகரக் காற்றில் உள்ள அளவுக்கு ஓசோனைச் செலுத்தினாலே சில மணி நேரத்துக்குள் பாதிக்குமேல் மறைந்துவிடுகிறது. இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்துமானால், ஆசியாவில் கிளம்பிய பென்சோபைரீன் பசிபிக்கைத் தாண்டுமுன்பே தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து மவுன்ட் பேச்சலர் மலையில் அது பிடிபடுகிறது. அதுவும், பழைய கணினி மாதிரிகள் சொன்ன அளவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு சேர்மம் காற்றில் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அதன் வினைவேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. அது குடியிருக்கும் துகள் கெட்டியானதா இளகியதா என்பதற்கும் அதில் சரிபாதி பங்குண்டு என்பதே என் கட்சி.

ஜூன் 5

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. அது நேரடியாகவும் மூலக்கூறை உடைக்கும்; ஓசோனைப் பிளந்து, நீராவியோடு சேர்த்து, ஐதராக்சில் என்னும் அதைவிட மூர்க்கமான தனியுறுப்பை உண்டாக்கி மறைமுகமாகவும் உடைக்கும். நேரடி வழி துகளின் நிறத்தைப் பொறுத்தது. அனல்மின் நிலையச் சாம்பலில் இத்தகைய சேர்மங்களை ஏற்றி ஒளிபாய்ச்சிப் பார்த்த இந்தியானா பல்கலைக்கழக ஆய்வுகள் 1980களிலேயே இதைக் காட்டின: வெளிர்ந்த சாம்பலில் அவை சீக்கிரம் சிதைந்தன, கார்பன் மிகுந்த கறுத்த சாம்பலில் சிதையவே மறுத்தன. ஒளியைக் கரியே விழுங்கிவிடுகிறது. நச்சைப் பெற்ற கரியே அதற்குக் குடையும் பிடிக்கிறது!

ஜூன் 7

ஓசோனைத் தடுப்பது கரி அல்ல, கரியின்மேல் படியும் மேலோடு. பைன் மரங்கள் வெளிவிடும் ஆவிகள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நுண்துகள்மேல் கரிமப் பூச்சாக உறைகின்றன. இந்தப் பூச்சு எண்ணெய்போல் திரவம் என்றுதான் வெகுகாலம் கருதினார்கள். 2010இல் பின்லாந்தின் ஹ்யூடியாலா காட்டுத் துகள்களைத் தட்டில் மோதவிட்டபோது அவை ஒட்டாமல் எகிறித் தெறித்தன; திரவம் அப்படித் தெறிக்காது. கடலைமிட்டாயின் பாகு உலர்ந்த நாளில் கண்ணாடிபோல் இறுகியும் மழைநாளில் இளகிப் பிசுபிசுத்தும் இருப்பதுபோலத்தான் இந்தப் பூச்சும். உலர்ந்த காற்றில் இதற்குள் புதைந்த பென்சோபைரீனை ஓசோன் ஏறக்குறையத் தொடவே முடிவதில்லை. ஈரம் ஏற ஏற வினை மீண்டும் வேகமெடுக்கிறது. பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தின் மணீஷ் ஸ்ரீவஸ்தவாவும் கூட்டாளிகளும் இந்தக் கவசத்தை உலக மாதிரிக்குள் புகுத்தி 2017இல் வெளியிட்டார்கள். அளவீடுகளோடு கணக்கு நெருங்கி வந்தது. இந்தச் சேர்மங்களால் வரும் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தின் மதிப்பீடு சுமார் நான்கு மடங்கானது.

ஒருவர் கேட்கலாம்: தொலைவில் கூடுதலாகக் கிடைப்பதற்குக் கவசம் எதற்கு? புகை வெளியேறும் அளவையே குறைத்துக் கணக்கிட்டிருக்கலாமே? நியாயமான கேள்விதான். விறகடுப்பும் செங்கல் சூளையும் எவ்வளவு கக்குகின்றன என்ற பட்டியல்கள் எந்த நாட்டிலும் துல்லியமானவை அல்ல. ஆனால் கவசத்துக்கான சான்று மாதிரியிலிருந்து மட்டும் வரவில்லை. பூச்சு இறுகினால் வினை நிற்கிறது என்பதை ஆய்வகம் தனியாகவே காட்டிவிட்டது. சமையல் புகையில் வரும் ஒலியிக் அமிலமும் இதே கதையைச் சொல்கிறது: தூய துளியாக இருந்தால் ஓசோன் அதை மளமளவென்று வெட்டிவிடுகிறது, நகரக் காற்றின் கலவைத் துகளில் அது கணித்ததைவிட வெகுநேரம் பிழைத்திருக்கிறது. அளவீட்டுப் பிழையைக் காரணம் சொல்வதும் எடுபடாது. வடிதாளில் நாள் முழுதும் காற்றை உறிஞ்சும்போது, அதோடு வரும் ஓசோன் பிடிபட்ட பென்சோபைரீனில் ஒரு பங்கைத் தின்றுவிடும்; அந்தப் பிழை எண்ணைக் குறைத்துத்தான் காட்டும்.

ஜூன் 8

வலுவான மறுப்பு வெப்பமண்டலத்திலிருந்து வருகிறது. வெக்கையும் ஈரமும் உள்ள காற்றில் பூச்சு இளகிவிடும், கவசம் இராது. ஸ்ரீவஸ்தவா குழுவின் உலக மாதிரியே அப்படித்தான் சொல்கிறது. அப்படியென்றால் சென்னை, கொழும்பு போன்ற கடலோர நகரங்களில் கவலை குறைவா? தொலைதூரப் பயணத்தைப் பொறுத்தவரை, ஆம். தெருவில் நிற்பவரைப் பொறுத்தவரை, இல்லை: பேருந்துப் புகை மூக்கை எட்ட நிமிடம்கூட ஆவதில்லை, ஓசோனுக்கோ மணிக்கணக்கு வேண்டும். தவிர, சிதைந்தது தீங்கற்றுப்போனது என்றும் பொருளில்லை. ஓசோன் பட்ட பென்சோபைரீன் குயினோன்களாக மாறுகிறது. இவை உயிரணுவுக்குள் திரும்பத் திரும்ப எலக்ட்ரானை வாங்கிக் கொடுத்து, சேதம் செய்யும் ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கக்கூடியவை. நைட்ரஜன் டை ஆக்சைடும் கூடினால் நைட்ரோ சேர்மங்கள் பிறக்கின்றன. அவற்றில் பலவும் மரபணுவைத் தாக்குபவை.

இதனால்தான் ஒற்றை எண்ணை வைத்து நிம்மதி அடைவது எனக்கு ஒப்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் பென்சோபைரீனுக்கு ஆண்டுச் சராசரி இலக்காக வைத்தது ஒரு கன மீட்டருக்கு 1 நானோகிராம். அந்த எண் சிதையாமல் எஞ்சியதை மட்டுமே எண்ணுகிறது. கோடையில் அது சரியும்போது, அடுப்புகள் அணைந்ததால் சரிந்ததா, நச்சு வேறு உருவெடுத்ததால் சரிந்ததா என்று அதைப் பார்த்து மட்டும் சொல்ல இயலாது. அதே வடிதாளில் குயினோன்களையும் நைட்ரோ சேர்மங்களையும் சேர்த்து அளந்தால் இரண்டையும் பிரித்தறியலாம். அதற்கான கருவிகள் ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.