நின்ற ராட்டினம்

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்திருப்பது நமது நெடுநாளைய வழக்கம். 2025ஆம் ஆண்டின் தீபத் திருவிழா முடிந்து, வெளியூர் மக்களெல்லாம் திரும்பிச் சென்று, திருவண்ணாமலை வீதிகள் தம் பழைய நடைக்கு வந்துகொண்டிருந்த வாரம் அது. திண்ணையின் மறுகோடியில் நான்கைந்து இளைஞர்கள் காரசாரமாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். மார்க்கச் சட்ட நுணுக்கம் ஏதோ ஒன்றில் கருத்து வேறுபாடு போலும் என்றெண்ணி உள்ளம் குளிர்ந்து செவி சாய்த்தோம். பேச்சு ராட்டினத்தைப் பற்றியது!

அவர்களுக்குத் தலைவன் நம் தம்பியின் மகன். பொறியியல் பயில்கிறான். எந்தக் கேளிக்கைப் பூங்காவில் எந்த ராட்டினம் எந்த ஆண்டில் வந்தது, எது எடுக்கப்பட்டது, எடுத்த இடத்தில் எதை வைத்தார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அந்த மாதத் தொடக்கத்தில்தான் சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா என்னும் பெரும் பூங்கா திறக்கப்பட்டிருந்தது. அங்கே 'தஞ்சோரா' என்றொரு ரோலர் கோஸ்டர். தண்டவாளத்தின் மேலே ஓடாமல் அதன் கீழே தொங்கியவாறு விரையும் வண்டி. சுவிட்சர்லாந்து நாட்டார் வடிவமைத்தது. அதைப் பற்றியே பேச்சு. "பெரியத்தா, நீங்களும் ஒரு தடவை வந்து பார்க்கணும்" என்றான். "பார்ப்பதற்குத் தடையில்லை, ஏறச் சொல்லாதே" என்றோம்.

இந்த ரோலர் கோஸ்டர் என்னும் பொருளுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர்களே ஒரு வேடிக்கை. குளிர்காலத்தில் பனிக்கட்டி பரப்பிய மரச் சரிவுகளில் சறுக்கி விளையாடிய ருஷ்யர்களிடமிருந்து பிறந்தது என்பதால் பிரெஞ்சுக்காரர் இதை 'ருஷ்ய மலை' என்பர். ருஷ்யரோ 'அமெரிக்கக் குன்று' என்பர். இன்றைய அரபு மொழியில் இதன் பெயர் 'உஃப்உவானிய்யா'. பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வளைந்து நெளிந்து கிடக்கும் அந்த இரும்புப் பாதையின் படத்தைத் தம்பி மகன் காட்டியபோது, அரபிகள்தாம் சரியாகப் பெயரிட்டனர் என்று நமக்குப் பட்டது. நாம் அரபு ஓதிக் கொடுப்பவர் என்பதால் ஒருதலைச் சார்பு இருக்கலாம், வாசகர் பொறுத்தருள்க.

சுற்றும் ராட்டினத்துக்கும் நம் பெருநாள்களுக்கும் உறவு உண்டு என்பதைப் பலர் அறியார். பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி 1615இல் ரமலான் கொண்டாட்டத்தின்போது இஸ்தான்புல் நகரில் பெரிய மரச் சக்கரம் ஒன்றில் ஏறிச் சுற்றியதைத் தம் கடிதத்தில் எழுதிவைத்தார். அவருக்கு அது பேரானந்தம்; பக்கத்தில் இருந்த கிரேக்கரோ போதும் போதும் என்று அலறினாராம். ஐந்தாண்டுகள் கழித்து, 1620இல், பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேயர் உதுமானிய ஆட்சியில் இருந்த பல்கேரியாவில் இத்தகைய சக்கரங்களைக் கண்டு எழுதினார். ஃபெரிஸ் என்பவர் சிகாகோ கண்காட்சியில் 264 அடி உயரத்துக்கு இரும்புச் சக்கரம் நிறுத்தியது 1893இல்தான்.

நிற்க. அன்று திண்ணையில் நாம் கேட்ட வினா ஒன்றே. "இத்தனை விவரம் சொல்கிறாயே, இதைக் காலையில் யார் பார்ப்பது?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. தன் தோழர்கள் கேட்காத வினாவாம். ரோலர் கோஸ்டர் வண்டியில் சக்கரங்கள் மூவகை. மேலே ஓடுபவை, பக்கவாட்டில் பிடிப்பவை, தண்டவாளத்தின் அடியில் கவ்விக்கொள்பவை. அந்த மூன்றாம் வகைதான் வண்டியைத் தூக்கி எறியாமல் காப்பது. ஜான் மில்லர் என்னும் அமெரிக்கர் 1919இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். முதல் ஏற்றத்தில் 'டக் டக்' என்று கேட்டு வயிற்றைக் கலக்கும் ஓசை, வண்டி பின்னோக்கி உருளாமல் பற்களில் விழுந்து பிடிக்கும் கொக்கியின் ஓசை. அச்சமூட்டும் அந்தச் சத்தமே காவல். ஒவ்வொரு நாளும் வாயில் திறக்கும் முன் ஆட்கள் பாதை நெடுகிலும் நடந்து போல்ட்டுகளையும் பற்றவைப்புகளையும் பார்ப்பர். பின்னர் வண்டியை ஆளின்றி ஓட்டிப் பார்ப்பர். ஆண்டுக்கொரு முறை கழற்றி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைக் காந்தத் தூளாலும் ஒலி அலையாலும் தேடுவர். இவ்வளவையும் அவன் சொல்லிக்கொண்டே போக, நம் நினைவு நாற்பதாண்டுக்கு அப்பால் சென்றுவிட்டது.

1984ஆம் ஆண்டு. நமதூர் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நாம் விடுப்பில் வந்திருந்தோம்; வயது பதினைந்து. தீபத் திருவிழாவுக்கு அத்தா பேரீச்சம்பழக் கடை போடுவார்கள். கடைக்கு எதிரே ஒரு பெரிய ராட்டினம் நிறுத்தியிருந்தனர். பன்னிரண்டு பெட்டிகள், டீசல் இன்ஜின், நான்கு கால்களின் கீழும் பழைய ரயில் கட்டைகள். கார்த்திகை அடைமழை மாதமல்லவா? நேற்று இறுகியிருந்த மண் இன்று சேறாகும். ராட்டினத்து மேஸ்திரி, ஐம்பது வயதைக் கடந்த மெலிந்த மனிதர், வைகறையில் எழுந்து கட்டைகளின் கீழே கருங்கல் ஜல்லி இட்டுக் கெட்டிப்பார். நூல் குண்டு விட்டுக் கால்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பார். பின்பு சிறு சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு மேலேறி, ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுப்பார். இறுகியது மணி போல் பேசுமாம். தளர்ந்தது ஓட்டைப் பானை போல் பேசுமாம். கடை திறக்கும் முன் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது நமக்கு நாள்தோறும் பொழுதுபோக்கு.

பத்தாம் நாள் மாலை மலையுச்சியில் தீபம் ஏற்றியாயிற்று. ஆண்டின் உச்ச வருவாய் வரும் இரவு அது. அத்தா கொடுத்த காசில் நாமும் ஏறினோம். மூன்றாம் சுற்றில், நமது பெட்டி நட்டநடு உச்சியில் இருந்தபோது, இன்ஜின் ஓய்ந்தது. ராட்டினம் நின்றுவிட்டது. கீழே மேஸ்திரி ஆட்களை இறக்கத் தொடங்கினார். வரிசையாக அன்று, ஒரு பெட்டி, பின்பு அதற்கு நேரெதிர்ப் பெட்டி என்று, ஒவ்வொன்றுக்கும் ராட்டினத்தைக் கையாலேயே தள்ளித் திருப்பி. ஒரு பக்கம் பளு ஏறிவிடக் கூடாது என்பதற்காக அவ்வாறு செய்தார் என்பது பின்னாளில் விளங்கியது. அப்போது விளங்கியதெல்லாம் காசு போயிற்று என்பதும், நம் முறை வரக் கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று என்பதும்தான். கூட்டம் கூச்சலிட்டது. உடைமையாளர் வாய்க்கு வந்தபடி ஏசினார். உச்சியிலிருந்து நாமும் கத்தினோம். "யோவ் கிழவா, பயமா இருந்தா எதுக்குய்யா ராட்டினம் ஓட்டறே?" வேலூரில் கிதாப் ஓதும் பிள்ளையின் வாயில் வந்த சொல் அது!

இறங்கியதும் காசைத் திருப்பிக் கேட்டோம். அவர் தம் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "சத்தம் மாறிடுச்சு தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அச்சைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். தயக்கத்தோடு அருகே போனோம். மேஸ்திரி நம்மை அடையாளம் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறோம். மண்ணெண்ணெயில் கழுவிய அச்சின் மீது நம் விரலைப் பிடித்து வைத்து மெல்ல நகர்த்தினார். கண்ணுக்குத் தெரியவில்லை; விரல் நுனிக்கு மட்டும் மயிரிழை போல் ஒரு கீறல் தட்டுப்பட்டது. மன்னிப்புக் கேட்கும் எண்ணம் தொண்டை வரை வந்தது. அத்தா கடையிலிருந்து அழைத்தார்கள், ஓடிவிட்டோம். அடுத்த ஆண்டு அதே ராட்டினம் வந்தது; அதே பெயர்ப் பலகை, புது வண்ணம். மேஸ்திரி வேறொருவர்.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குப் 'பேணுதல்' என்னும் சொல்லில் தனி உரிமை உண்டு. 'பேணுதலான மனிதர்' என்று ஒருவரைச் சொன்னால், ஐயத்துக்குரியதை விட்டு விலகி, கொடுக்கல் வாங்கலிலும் உணவிலும் விழிப்போடு இருப்பவர் என்று பொருள். நாட்டு மக்கள் பேணுதல் என்பது பிள்ளையை, பெற்றோரை, பொருளைக் காத்துவரல். இயந்திரப் பராமரிப்புக்கு அரபியர் ஆளும் 'ஸியானா' என்னும் சொல்லும் மானத்தைக் காத்தல், உடைமையைக் காத்தல் என்ற வேரிலிருந்து கிளைத்ததே. ஓட்டினால் ஓடியிருக்கவும் கூடும் என்ற நிலையில் அந்த மேஸ்திரி நிறுத்தினார். ஐயம் என்றதும் விலகுவதைப் பாடமாக ஓதிக்கொண்டிருந்த நாம், அது கண்ணெதிரே நடந்தபோது ஏசினோம்.

தேரோடும் ஊரில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் வடம் பிடிப்பர். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடும் ஒரு சிலரை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பேச்சு வழக்கிலோ 'முட்டுக்கட்டை' என்றால் நல்ல காரியத்தைக் கெடுப்பவன்!

நம் நாட்டு நிகழ்ச்சிகளும் நினைவுக்கு வருகின்றன. 2016 மே மாதம் தாம்பரம் அருகே பூங்கா ஒன்றில் ஊழியர்களையே ஏற்றிச் சோதனை ஓட்டம் நடத்துகையில் விபத்து நேர்ந்து ஓர் ஊழியர் உயிரிழந்தார். பிறர் ஏறுமுன் தாம் ஏறிப் பார்த்தவர்களுக்கு நேர்ந்த கதி அது. 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்தில் நின்றுபோக, 30க்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறையினர் ஏணி வண்டி கொண்டு இறக்கினர். இளைஞர்கள் இதற்கெல்லாம் பழமையைக் குறை கூறினர். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. தம்பி மகனே அதை மறுத்தான். நியூயார்க் நகரின் கோனி ஐலண்டில் 'சைக்ளோன்' என்னும் மர ரோலர் கோஸ்டர் 1927இல் கட்டப்பட்டது. 2024 ஆகஸ்டில் சங்கிலிச் சக்கரத்தில் வெடிப்புக் கண்டதும் பாதி வழியில் நிறுத்தி, ஏறியிருந்தவர்களை நடத்திக் கீழே இறக்கினார்கள். பழுது நீக்கிச் செப்டம்பரில் மீண்டும் ஓட்டினார்கள். தொண்ணூற்றேழு வயதில்! மாறாக, நாம் உச்சியிலிருந்து கத்திய அதே 1984இல் தில்லியில் திறந்த 'அப்பு கர்', நாட்டின் முதல் கேளிக்கைப் பூங்கா, 2008இல் நிலத்தின் பொருட்டு மூடப்பட்டது. முதுமையால் மறைந்ததன்று அது. அதில் ஏறி மகிழ்ந்தவர்கள் இன்றும் அதைப் பேசி ஏங்குகின்றனராம். ராட்டினத்துக்காக ஏங்குவதா என்று சிரிக்க முடியவில்லை. புது வண்ணம் பூசிய அந்த ராட்டினத்தின் அடியில் நின்று நாமும் ஓர் ஆளைத் தேடியிருக்கிறோம்.

2026 ஜனவரியில் தம்பி மகன் நம்மைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேவிட்டான். புதிய பூங்காவில் கூட்டம் மிகுதி என்று பிறிதொரு பூங்காவுக்குப் போனோம். அவன் ஆவலோடு வரிசையில் நின்றான். நாம் நிழலில் ஒரு பலகையில் அமர்ந்தோம். அவன் முறை வரும் நேரத்தில் ஓட்டத்தை நிறுத்தி, சோதனை நடப்பதாக அறிவித்தனர். அரை மணி ஆயிற்று. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு சிறுவன் உரக்க ஏதோ சொல்ல, சுற்றிலும் சிரித்தார்கள். மேலே இடுப்பில் கயிறு பூட்டிய இருவர் பாதையோரம் மெல்ல நடந்து, அங்கங்கே குனிந்து பார்த்து வந்தனர். பிறகு வண்டி வெறுமையாக மும்முறை ஓடிற்று. அதன் பின்னரே ஆட்களை ஏற்றினர்.

அவ்விருவருள் ஒருவர் நம் பக்கமாக வந்து குழாயில் தண்ணீர் குடித்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். நாம் எழுந்து சென்று, "நிறுத்தினீர்களே, ரொம்ப நன்றி தம்பி" என்றோம். அவர் விளங்காமல் நம்மைப் பார்த்துவிட்டு, "உங்க பையன் மேலே இருக்கானா பாய்?" என்று கேட்டார். ஆம் என்றோம். கை நீட்டினோம். அவர் தம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பற்றினார்.

லுஹருக்கு ஒளுச் செய்யும்போது உள்ளங்கையில் ஒட்டிய கிரீஸ் எளிதில் போகவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சோப்பு வாங்கித் தேய்க்க வேண்டியதாயிற்று.