அப்பா எழுதிக் கொடுத்த பதில்

பெரியப்பாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தபோது ஐசியூ வாசலில் டாக்டர் கேட்டார்: "டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கணும். என்ன சொல்றீங்க?" பெரியம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன், "போடுங்க டாக்டர்" என்றார். அக்கா, "அப்பா இதைக் கேட்டிருக்கவே மாட்டார்" என்று அழுதாள். இரண்டு பேருமே பாசத்தில்தான் பேசினார்கள். பெரியப்பா போய் வருஷக்கணக்காகிவிட்டது. அவர்கள் இருவருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

அதைப் பார்த்த பிறகுதான் அப்பா, தன்னால் முடிவு சொல்ல முடியாமல் போனால் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் 'லிவிங் வில்' எழுத வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9 அன்று இதற்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. ஆனால் மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்றிருந்தது. அதற்கு யார் அலைவார்கள்? 2023 ஜனவரியில் அது தளர்ந்தது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும்.

கையெழுத்தைவிட, அதற்கு முன் சாப்பாட்டு மேஜையில் நடந்த பேச்சுதான் எனக்குப் பெரிது. "டயாலிசிஸ் கொஞ்ச நாள் செஞ்சு பாருங்க. தேறினா சரி. நினைவே திரும்பாதுன்னு ஆயிட்டா மெஷின் எதுவும் வேண்டாம். வலி மட்டும் தெரியாம பாத்துக்கோங்க" என்றார் அப்பா. தங்கை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் காத்திருந்து, அவள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். தனக்காக முடிவெடுக்க எங்கள் இருவர் பெயரையும் எழுதினார்.

"டாக்டர்கள் சீக்கிரமே கையை விரிச்சிடுவாங்களே" என்று சித்தப்பா பயந்தார். நியாயமான பயம். ஆனால் அப்பாவால் தானே முடிவு சொல்ல முடிகிறவரை அந்தத் தாளுக்கு வேலையே இல்லை. இனித் தேறமாட்டார் என்ற நிலை வந்தாலும், ஒன்றல்ல, இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுதி ரத்து செய்யலாம். வலிக்கு மருந்து கொடுப்பதை யாரும் நிறுத்தப்போவதில்லை.

செலவுக்குப் பயந்து பெற்றவரை விட்டுவிட்டார்கள் என்று நாளைக்கு யாராவது சொன்னால், எங்கள் கையில் அப்பாவின் வார்த்தை இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் செய்த பெரிய உதவி இது என்றே நினைக்கிறேன்.

அம்மா இன்னும் எழுதவில்லை. "எதுவானாலும் வீட்டுக் கூடத்துலயே இருக்கட்டும்" என்கிறார். அதையே எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்குத் தங்கை வரும்போது மூவரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.