கொசுக்களின் கொள்வினை கொடுப்பினை

மதுரையில் குடியிருப்பவனுக்குக் கொசுவைப் பற்றி எழுத யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. வைகையில் தண்ணீர் ஓடாத நாட்களே அதிகம். ஆகவே அண்டா, குடம், சிமெண்டுத் தொட்டி என்று வீடெங்கும் ஜலத்தைச் சேமித்துக் கொசுவுக்குப் பிரசவ அறை கட்டித் தருகிறோம். 2012-ஆம் வருஷம் தென் ஜில்லாக்களில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது என் தமக்கையின் பையன் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அது முதல், அடிபட்ட கொசுவைப் பூதக்கண்ணாடியால் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று. வீட்டார் இதையும் ஒரு வியாதியென்றே கருதுகிறார்கள்.

கறுப்பு உடம்பும், கால்களில் வெள்ளை வளையமும் கொண்ட கொசுக்களில் நெருங்கிய தாயாதிகள் இருவர் உண்டு. ஈடிஸ் எஜிப்டியின் முதுகில் யாழ் வடிவத்தில் வெள்ளைக் கோடுகள். ஈடிஸ் அல்போபிக்டஸின் முதுகில் நடுவே ஒற்றை நாமம். யாழ்க்காரி பட்டணவாசி, பழைய ஆட்டுக்கல் குழியில் நிற்கும் நீரே அவள் குடும்பத்துக்குப் போதும். நாமக்காரிக்குத் தோப்பும் மரப்பொந்தும் கொட்டாங்கச்சியுந்தான் அதிகப் பிரியம். இருவரும் டெங்குவைச் சுமப்பவர்களே. நகரத்தில் முதற் குற்றவாளி யாழ்க்காரி.

இவர்களுடைய விவாகம் நடப்பது நம் காலடியில்! கடிக்க வரும் பெண்ணை எதிர்பார்த்து ஆண் கொசு நம்மைச் சுற்றியே வட்டமிடுகிறது. பெண்ணின் சிறகு விநாடிக்குச் சுமார் 400 தடவையும், ஆணின் சிறகு சுமார் 600 தடவையும் அடிக்கின்றன. பொருந்தாத ஸ்வரங்கள்தாம். ஆனால் ஜோடி சேரும்போது இரண்டும் சிறகடிப்பைச் சற்றே மாற்றி, அவளுடைய மூன்றாம் மடங்கும் இவனுடைய இரண்டாம் மடங்கும் 1,200-இல் ஒன்றுபடும்படி சுருதி சேர்க்கின்றன என்று 2009-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டார்கள். கச்சேரிக்குத் தம்புரா மீட்டுபவர்கள்கூட இவ்வளவு சிரத்தை எடுப்பதில்லை.

சிற்சில சமயம் நாமக்கார ஆண் தவறிப்போய் யாழ்க்காரியை மணந்துவிடுகிறான். சந்ததி உண்டாவதில்லை. அதோடு, அவள் பிறகு தன் இனத்து மாப்பிள்ளையையும் ஏற்க மறுக்கிறாள். 1980-களில் நாமக்காரர்கள் அமெரிக்காவின் தென்பகுதியில் குடியேறிய பிறகு பல ஊர்களில் யாழ்க்காரர்கள் அருகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இங்கே கண்ணாடியாவது உதவுகிறது. மதுரையைச் சுற்றியுள்ள நெல் வயல்களில் மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலக்ஸ் கொசுக்களுக்குள் மூன்று சகோதர இனங்களைப் பிரித்தறியத் தேர்ந்த கண் வேண்டும். இராமேசுவரத்திலோ எந்தக் கண்ணும் பயன்படவில்லை. கிராமத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ், பார்வைக்கு ஒரே கொசு. உள்ளே, தமக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லாத ஏ, பி, சி, டி என்ற நான்கு இனங்கள். நம் நாட்டில் 'பி' மலேரியாவைச் சுமப்பது மிக அபூர்வம். இராமேசுவரம் தீவில் பிடித்தவையெல்லாம் 'பி'யாகவே தோன்றின, காய்ச்சலோ நிற்கவில்லை. ஆண் கொசுக்களின் குரோமோசோம்களை ஆராய்ந்ததில், ஒன்றின் வடிவம் மாறியிருந்தது. 'பி'யின் வேஷத்தில் இருந்த ஐந்தாவது இனம் 1999-இல் வெளிப்பட்டது; அதற்கு 'இ' என்று பெயரிட்டார்கள்.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் மலேரியாவைப் பரப்பிய முக்கியக் கொசு இந்த 'இ'தான். அந்நாடு 2016-இல் மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தாட்சி பெற்றது. கொசு ஒழிந்ததென்று யாரும் அத்தாட்சி கொடுக்கவில்லை.