எந்தத் திருநெல்வேலி?



போன மாரியில் நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன். வகுப்புப் பெற்றோருக்குப் பாதிக் கதை தெரியும். மீதி இது.

என் சாச்சியின் மகன் கணினி படிக்கிறான். செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றுக்கு வானிலைத் தரவு எடுத்துக் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்றை எழுதினான். முகவர் என்பது கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், தேவையான கருவியைத் தானே தெரிவு செய்து இயக்கும் செயலி. இப்படிக் கருவிகளை இணைப்பதற்கு அந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் எம்சிபி என்ற பொது முறையை வெளியிட்டது. அதைப் பழகுவோருக்குத் தந்த தொடக்கப் பாடமே ஒரு வானிலைக் கருவிதான். ஆனால் அது அமெரிக்க வானிலைச் சேவையிடம் கேட்பது, எங்கள் ஊருக்கு உதவாது. அதனால் தம்பி, உலகம் முழுவதற்கும் தரவு தரும் ஓப்பன்-மீற்றியோவை எடுத்துக்கொண்டான்.

ஒரு இரவு அதனிடம், “நாளை திருநெல்வேலியில் மழை வருமா?” என்று கேட்டேன். மழைக்கு வாய்ப்பில்லை, நல்ல வெயில் என்றது. நான் அதை அப்படியே பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

விடிய வானம் வெளித்துத்தான் இருந்தது. ஏழு மணிக்கு, பிள்ளைகள் பாதி வழியில் வரும்போது கொட்டத் தொடங்கியது. முழுக்க நனைந்துகொண்டு வந்தார்கள். இழுப்பு வருத்தம் உள்ள ஒரு பிள்ளையை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அல்ஹம்துலில்லாஹ், பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள். தாய் என்னைக் கோபிக்கவில்லை. “நீங்கள் போட்டதைப் பாத்துத்தான் ரீச்சர் குடை குடுத்து விடேல்லை” என்றா. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அன்றிரவு நானும் தம்பியும் இருந்து பார்த்தோம். கருவி ஊர்ப் பெயரைத் தேடி, முதலில் வந்ததை எடுத்திருக்கிறது. அது தமிழ்நாட்டுத் திருநெல்வேலி. அதன் அகலாங்கு 8.7, நெட்டாங்கு 77.8. எங்களுடையது 9.7, 80.0. இடையில் ஏறக்குறைய 270 கிலோமீற்றரும் ஒரு கடலும். யாழ்ப்பாணத்தின் வானிலை அவதான நிலையமே எங்கள் திருநெல்வேலியில்தான் இருக்கிறது. நானோ அடுத்த நாட்டு வெயிலை எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பியிருக்கிறேன்.

“நிரலைத் திருத்துறன் ராத்தா” என்றான். கருவிக்கு எழுதிய விளக்கக் குறிப்பைக் காட்டு என்றேன். ஒரே வரி: “வானிலையைத் தரும்.”

முகவர் கருவியின் உட்பக்கத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் குறிப்பை வாசித்துத்தான் கருவியை எப்போது, எப்படிப் பாவிப்பது என்று முடிவெடுக்கிறது. கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. நீங்கள் லீவில் நிற்கும் நாளில், உங்கள் வகுப்பை அறியாத ஒருவர் வந்து, உங்களிடம் ஒன்றும் கேட்காமல் படிப்பிக்கக்கூடியதாகப் பாடக்குறிப்பு இருக்க வேண்டும் என்பார்கள். முகவரும் அப்படி வருகிற பதில் ஆசிரியர்தான். ஒரு வித்தியாசம், தெரியாத இடத்திலும் தடுமாறாமல் பேசும்.

மூன்று இரவு இருந்து குறிப்பைத் திருத்தி எழுதினோம்.

முதலில் இடம். பெயர் மட்டும் கிடைத்தால் அதே பெயரில் வேறு ஊர் உண்டா என்று பார். இருந்தால் கேள். பதிலில் மாவட்டத்தையும் நாட்டையும் சேர்த்துச் சொல்.

அடுத்தது நேரம். நேர வலயம் கேட்காவிட்டால் தரவு கிரீன்விச் நேரத்தில் வரும். எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. பள்ளிக்கூடம் போகிற நேரத்து மழை, நடுச்சாமம் ஒன்றரை மணி மழையாகத் தெரியும். ஆகவே எப்போதும் கொழும்பு நேரம் கேள். மழை மில்லிமீற்றரில், காற்று மணிக்குக் கிலோமீற்றரில் என்று அலகையும் சொல்.

பிறகு வெற்றிடம். தரவு வராத மணித்தியாலங்களுக்குத் தம்பி 0 போட்டிருந்தான். சோதினைக்கு வராத பிள்ளையையும் பூச்சியம் எடுத்த பிள்ளையையும் புள்ளிப் பதிவேட்டில் ஒரே மாதிரியா எழுதுகிறோம் என்று கேட்டேன். பேசாமல் அழித்தான். “தரவு இல்லை” வேறு, “மழை இல்லை” வேறு.

கடைசியாக, இது கணினி மாதிரி தரும் எதிர்வுகூறல்; எச்சரிக்கை அல்ல. புயல், வெள்ளம் என்று யாரும் கேட்டால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்க்கச் சொல். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைக் கொடு. 2025 நவம்பரில் டித்வா 600இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நாட்டில் இந்த வரியை எழுதாமல் விட ஏலாது.

இப்போது அதே கேள்வியைக் கேட்டால், “யாழ்ப்பாண மாவட்டமா, தமிழ்நாடா?” என்று திருப்பிக் கேட்கிறது. வகுப்பில் விளங்காத பிள்ளை கையை உயர்த்தினால் வருகிற அதே சந்தோசம் எனக்கு.

அந்தத் தாயிடம் நேரில் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். குழுவில் இனி எதைப் போட்டாலும் எந்த இடம், எத்தனை மணிக்கு எடுத்தது என்று சேர்த்துத்தான் போடுவேன்.

உங்களிடம் ஒரு உதவி. நல்லூர் தமிழ்நாட்டிலும் இருக்கிறது, கொக்குவில் மட்டக்களப்பிலும் இருக்கிறது. இப்படி எங்கள் பக்கத்து ஊர்களில் வேறிடத்திலும் அதே பெயர் உள்ளவை தெரிந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த மாரிக்கு முன் குறிப்பில் சேர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.